விளக்கும் கிணறும்

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் சென்ற தவணையில் எம்மை அணுகினர். விவாத அரங்கொன்றில் அவர்கள் பேசவேண்டியிருந்தது. மின்சாரம் பிறப்பித்தற்கு உகந்தவை நிலக்கரி, எண்ணெய் முதலிய தீர்ந்துபோகும் பொருள்களா, அன்றி வெயில், காற்று, நீர் முதலிய தீராப் பொருள்களா என்பது தலைப்பு. ஒருவர் ஒரு கட்சி. மற்றவர் மறு கட்சி. "சேர், எங்கள் இரண்டு பேருக்கும் குறிப்புச் சொல்லித் தாருங்கோ" என்றனர். இரு கட்சிக்கும் ஓரிடத்திலேயே குறிப்புக் கேட்க வந்த அவர்தம் வெள்ளையுள்ளத்தைக் கண்டு நகைத்தோம். ஆயினும் வினா நகைத்து விடுதற்குரியதன்று. ஆறில்லாத, மலையில்லாத, நிலக்கரியோ எண்ணெயோ விளையாத இக்குடாநாட்டிலே பிறந்தவர்கள் அதனைச் சிறிது ஆழ்ந்து நோக்குதல் நன்று. அம்மாணவருக்குக் கூறியவற்றையே சற்று விரித்து இங்கே எழுதுகின்றோம்.

முதலில், மின்சாரத்தின் விலையைப் பணத்தாலன்றி உழைப்பால் அளந்து பார்ப்போம். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்கு மின்சாரம் வந்த வழி அறுந்தது. மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்தது. எம் பிள்ளைப் பருவம் அக்காலத்தில் கழிந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி, சிறு திரியிட்டு ஏற்றிய விளக்கைச் சுற்றி அமர்ந்து நாமும் உடன்பிறந்தோரும் பாடம் படித்தோம். செய்தி கேட்கவேண்டுமாயின் சைக்கிளை நிறுத்தி, ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலி பேசும். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப் போவார்!

அந்தச் சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 3 வாற்று மட்டுமே. நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் விடாது மிதித்தால் 100 வாற்றளவு வலுவைத் தரக்கூடும். அவர் 10 மணித்தியாலம் ஓயாது மிதித்தால் கிடைப்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம். அதாவது மின்பட்டியலில் "ஓர் அலகு" என்று எழுதப்படுவது. ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்பை நாம் ஓர் அலகு என்று அழைத்து, சில ரூபாக்கள் கொடுத்து வாங்கிவிடுகின்றோம். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்தாமற் செல்லும் மாணவன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பானாக.

இத்துணை மலிவாக அவ்வுழைப்பு எங்கிருந்து வந்தது? ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 அலகுச் சக்தி அடங்கியிருக்கின்றது. நல்ல இயந்திரமாயின் அதில் 4 அலகு மின்சாரமாகும். எஞ்சியது வெப்பமாகிப் புகையோடு போய்விடும். நிலக்கரி ஒரு கிலோவிலிருந்து 2 முதல் 2½ அலகு வரை பெறலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த செடிகொடிகளும் நுண்ணுயிர்களும் சேர்த்துவைத்த வெயிலே இவை. ஆதலின் இவற்றை முதுசொம் எனலாம். பாட்டன் தேடிய காணியை விற்றுச் செலவுசெய்பவன் சில காலம் செல்வனாகவே தோன்றுவான். ஆனால், "குந்தித் தின்றால் குன்றும் கரையும்" என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. வெயிலும் காற்றும் மழையுமோ முதுசொம் அல்ல. ஆண்டுதோறும் வரும் விளைச்சல். இவ்வாண்டு உண்டாலும் அடுத்த ஆண்டு மீண்டும் வரும். விவாதத் தலைப்பின் சாரம் இதுவே: முதலை உண்டு வாழ்வதா, வருவாயை உண்டு வாழ்வதா?

வருவாயைக் கொண்டு வாழும் வித்தை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. ஆனையிறவிலே கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலைக்கொண்டே உப்பு விளைவித்தார்கள். ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் கருவாடும் வெயிலிற் காய்ந்தவையே. காற்றை அறிவதிலோ நம்மவர் பெரும் புலமை உடையவர். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என ஒவ்வொரு காற்றுக்கும் பெயரிட்டு, அதனதன் காலத்தையும் குணத்தையும் அறிந்து வைத்திருந்தனர். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே வானத்தை நிறைக்கும் பட்டங்கள் வாடைக்காற்றின் வலுவுக்குச் சான்று. அவ்வூரிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அத்துணைப் பெருங்கடலையும் அது தாண்டியது பாய்களில் நிறைந்த காற்றின் வலியாலேயாம்.

நிற்க. மின்சாரத்துக்கு வருவோம். இலங்கையில் நீர்வீழ்ச்சியைக்கொண்டு மின்சாரம் பிறப்பிக்கலாம் என்று 1918 ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவருடைய கனவு நனவாகுதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. லக்சபான மின்நிலையம் 1950 ஆம் ஆண்டிலேதான் இயங்கத் தொடங்கியது. பின்னாளில் மலைநாட்டு மின்சாரம் வடக்கையும் எட்டியது. இன்றும் எம் முதியோர் பொதுவாக மின்சாரத்தையே "லக்சபான கரன்ற்" என்று கூறக் கேட்கலாம்.

அவ்வெளிச்சத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர் பிறர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரும் அதன் கோயிலும் நீரில் மூழ்கின. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது அக்கோயில் மீண்டும் கண்ணுக்குப் புலப்படுகின்றது. அங்கே தேயிலை பறித்தும் பாதை வெட்டியும் உழைத்தோர் நம் மொழி பேசும் மலையக மக்கள். தீராச் சக்தி என்றவுடன் அது எவர்க்கும் இழப்பின்றி வருவது என்று மாணவர் எண்ணிவிடலாகாது.

நீரை மட்டும் நம்பியிருத்தலிலும் இடர் உண்டு. 1996 ஆம் ஆண்டு மழை பொய்க்க, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு ஏற்பட்டது. மழையை நம்ப இயலாதென்று கண்ட நாடு எண்ணெயையும் நிலக்கரியையும் நாடியது. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரையில் 300 மெகாவாற்று வீதம் மூன்று பிரிவுகளாக, 900 மெகாவாற்று வலுவுள்ள நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது ஒன்றே தந்து வந்திருக்கின்றது. அப்பயனை மறுத்தல் நன்றியன்று. இரவு பகல், மழை வெயில் என்று பாராது எரிவது நிலக்கரியின் சிறப்பு. எரிபொருட் கட்சியில் பேசும் மாணவருக்கு யாம் கொடுத்த முதற் குறிப்பும் இதுவே.

ஆனால் அக்கட்சிக்குரிய இழப்புக்களையும் கூறாமல் விடலாகாது. நிலக்கரியால் பெறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு வானிற் கலக்கின்றது. அது பூமியைச் சூடாக்குகின்றது. பனி உருகிக் கடல் மட்டம் உயர்கின்றது. கடலைவிடச் சில அடிகளே உயர்ந்த எம் தீவுகளுக்கும் கரையோரங்களுக்கும் இஃது ஏட்டுச் செய்தியன்று.

இனி, இங்கேயே நிகழ்ந்ததைக் கூறுவோம். மலைநாட்டு வழி அறுந்திருந்த காலத்திலும் அதன் பின்னரும் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் பிறப்பிக்கப்பட்டது. இருளில் கிடந்த மக்களுக்கு அது வரப்பிரசாதமாகவே தோன்றியது. ஆனால் அயலூர்க் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிடத் தொடங்கினர். மல்லாகத்தில் இருந்த எம் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் ஒருநாள் வாளியை இழுத்தபோது, நீரின்மேல் வானவில்லின் நிறங்களோடு ஒரு மெல்லிய படலம் மிதந்தது. மூன்று தலைமுறை குடித்த கிணறு அது. "விளக்கு எரியுது, ஆனால் தண்ணி குடிக்கேலாது" என்று பெரியம்மா கூறிய சொல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. அதன்பின் பவுசரில் வரும் தண்ணீருக்காகக் குடங்களோடு வாயிலில் காத்திருப்பது அவ்வீட்டாரின் வழக்கமாயிற்று.

விடயம் நீதிமன்றம் சென்றது. கிணற்று நீர் மாசுற்றதற்காக அங்கே மின்சாரம் பிறப்பித்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுத்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை வலியுறுத்திய தீர்ப்பு அது. ஆயினும் பணம் கிணற்றைக் கழுவுமா? எம் நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். துளைகளும் வெடிப்புக்களும் நிறைந்த அக்கல் மழைநீரை விரைந்து உறிஞ்சுவது போலவே, மேலே சிந்தும் எண்ணெயையும் உள்ளே விடும். வேறு ஊரில் ஆறு மாசுற்றால் அடுத்த மழையில் அது கடலுக்கு ஓடிப்போகும். இங்கே ஒருவன் முற்றத்தில் ஊற்றியது அயலவன் கிணற்றில் ஊறும்.

எரிபொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டின் நிலை என்ன என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டியது. அந்நியச் செலாவணி இல்லாமற்போக, டீசல் வாங்க வழியில்லை. நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருந்தது. மார்ச்சு மாத இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசையில் நின்ற மீனவரையும் கமக்காரரையும் கண்டபோது, எம் பிள்ளைப் பருவம் மீண்டு வந்ததோ என ஐயுற்றோம். அன்று போர் செய்ததை இன்று கடன் செய்தது.

இவ்வளவில் வெயில், காற்றுக் கட்சியே வென்றது என்று கைதட்டிவிடலாமா? பொறுங்கள். அக்கட்சிக்கும் குறைகள் உள.

வெயில் நண்பகலில் நிறைந்து நிற்கும். நாம் விளக்கேற்றுவதோ பொழுதுபட்ட பின்னர். நாட்டில் மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் வேளை மாலை ஆறரை மணிக்குப் பின் சில மணிநேரம். அப்போது கூரைமீதுள்ள சூரிய மின்தகடுகள் உறங்குகின்றன. 2025 பெப்புருவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று புகுந்தமையே தொடக்கம் என்று அதிகாரிகள் கூறினர். பத்திரிகைகள் குரங்கை வைத்துப் பல நகைச்சுவை எழுதின. ஆனால் உண்மைப் பாடம் குரங்கில் இல்லை. நீரும் நீராவியும் சுழற்றும் மின்பிறப்பாக்கிகள் மிகக் கனமானவை. பாரவண்டி மேடு பள்ளத்தில் சட்டென நின்றுவிடாதது போல, அவை திடீர்த் தடுமாற்றத்தைத் தாங்கி, மின்னோட்டத்தின் துடிப்பை நொடிக்கு 50 என்னும் அளவில் நிறுத்துகின்றன. சூரியத் தகட்டில் சுழல்வது ஒன்றுமில்லை. விடுமுறை நாளில் தேவை குறைந்து, வெயில் மின்சாரம் மிகும்போது, அத்தாங்கும் வலு குன்றிவிடுகின்றது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வீட்டாரைக் கேட்டுக்கொண்டது. மூன்றாண்டுகளுக்கு முன் மின்சாரம் இல்லையென்று இருளில் இருந்த நாடு, மின்சாரம் மிகுந்ததென்று தகட்டை மூடச் சொன்னது!

காற்றின் குணமும் அவ்வாறே. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் வலு எட்டு மடங்காகும், பாதியானால் எட்டிலொன்றாகும். ஆகவே காற்றாலைக்கு இடந்தேர்தல் பெரிது. குடாநாட்டின் வாயிலாகிய பளைப் பகுதியில் 2014 ஆம் ஆண்டு 10 மெகாவாற்று வீதம் இரண்டு காற்றுப் பண்ணைகள் அமைந்தன. யாழ்ப்பாணத்துக்கு வரும் பேருந்தில் இருந்தபடியே அவ்வெள்ளைச் சுழலிகளை எம் மாணவர் எண்ணுவர். 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவில் 30 சுழலிகளோடு 103.5 மெகாவாற்றுப் பண்ணை திறக்கப்பட்டது. ஆனால் மன்னார், மத்திய ஆசியாவிலிருந்து கடல் கடந்து வரும் பறவைகளின் தங்குமடம். அங்கே மேலும் சுழலிகள் நிறுவ முயன்றபோது, பறவைகளையும் மீன்பிடியையும் வெள்ளநீர் வடிதலையும் காட்டி ஊர்மக்கள் 2025 ஆம் ஆண்டு பெரிதும் எதிர்த்தனர். சுன்னாகத்துக் கிணற்றுக்காக வருந்தும் நாம், மன்னாரார் கூறுவதைச் செவிமடாது விடுதல் முறையாகுமா?

அங்ஙனமாயின் இரு கட்சியும் தோற்றனவா? அன்று. ஒவ்வொன்றையும் தனித்தனி நிறுத்தி வினாவியதாலேயே இக்குழப்பம் தோன்றியது. ஆண்டின் பன்னிரு மாதங்களையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிப்பதால் நுரைச்சோலையில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க இயலாது. முன்னரே குவித்து வைக்கவேண்டும். ஆனால் நிலக்கரிக் கப்பலைத் தடுக்கும் அதே காற்றுத்தான் மன்னாரின் சுழலிகளை விரைந்து சுழற்றுகின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழை பொழிவதும் அப்போதே. மாசி, பங்குனியில் காற்றும் ஓயும், நீரும் தாழும், வெயிலோ கொளுத்தும். ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்று உழைக்கின்றது. இவற்றை இணைத்து, பகலில் மிகுவதை மின்கலங்களில் சேமித்து, எண்ணெய் இயந்திரத்தை ஆபத்துக்கு உதவும் தோழனாகப் பின்னே நிறுத்துவதே அறிவுடைமை. அரசும் 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுவதை இலக்காகக் கூறியுள்ளது.

இவ்விணைப்பு வெறுங்கற்பனையன்று. எம் எழுவைதீவிலே வெயில், காற்று, மின்கலம், டீசல் நான்கையும் ஒன்றாய்ப் பிணைத்த சிறு மின்நிலையம் அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் அத்தகைய நிலையங்கள் அமைப்பதற்கு, இந்தியாவின் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அத்திட்டத்தில் வெயிலுக்கு 1,700 கிலோவாற்று, காற்றுக்கு 530 கிலோவாற்று எனப் பங்கு வகுத்தனர். 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரம் துணைக்கு நிற்கும். நாடு முழுவதற்கும் வேண்டிய பாடத்தை, படகேறிச் செல்லவேண்டிய சிறுதீவுகள் முதலில் கற்கின்றன.

இறுதியாக ஒன்று. எம் அத்தான் கோப்பாய்ப் பக்கத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் செய்பவர். அவருடைய தகப்பனார் காலத்தில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தார்கள். ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே பட்டையைக் கவிழ்க்க, வாய்க்காலில் நீர் மெல்ல ஓடும். மனிதர் களைத்தவுடன் கிணறும் ஓய்வு பெற்றது. பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது. எண்ணெய் விலை இறைப்புக்கு ஓர் எல்லை இட்டது. இப்போது சூரிய வெளிச்சத்தால் இயங்கும் இறைப்பு இயந்திரம் பூட்ட அவர் முனைந்திருக்கின்றார். "வெயிலுக்கு ஆர் தம்பி காசு கேக்கிறது? இனிப் பகல் முழுக்க இறைக்கலாம்" என்று மகிழ்ந்தார்.

"வெயில் குறையாது அத்தான், தண்ணீர் குறையுமே" என்றோம்.

எம் நிலத்தடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உவரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் பயின்றோர் கூறும் கணக்கு. அவ்வோரடியை நாம் விரைந்து இறைத்துவிட்டால், கீழிருந்து உவர் மேலெழும். மாரிமழை ஆண்டுதோறும் நிரப்புவதால் கிணற்று நீரும் புதுப்பிக்கத்தக்க பொருளே. ஆனால் வரும் அளவுக்கு மேல் எடுத்தால் அதுவும் தீர்ந்துபோகும் பொருளாகிவிடும். ஆகவே புதுப்பிக்கத்தக்கது, புதுப்பிக்கத்தகாதது என்னும் வேறுபாடு பொருளிலே மட்டும் இல்லை. எடுப்பவன் அளவிலும் இருக்கின்றது.

அத்தான் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அப்ப, மூண்டு மணித்தியாலத்துக்கு மேலை ஓடாமல் ஒரு பூட்டுப் போட்டு வைப்பம்" என்றார். படித்த எமக்கு விளக்கப் பல வசனங்கள் வேண்டியிருந்தன. மண்ணை அறிந்த அவர் ஒரு பூட்டினால் முடித்துவிட்டார்.

மாணவர் இருவருக்கும் யாம் கொடுத்த குறிப்பின் கடைசி வரியும் இதுவாகவே அமைந்தது. எரிபொருளால் வந்தாலும், வெயிலால் வந்தாலும், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழியை மறவாதவன் வீட்டிலேயே விளக்கும் எரியும், கிணறும் ஊறும். வெயிலையும் காற்றையும் நாடிச் செல்வோம், அதில் ஐயமில்லை. ஆனால் அவற்றை நாடும்போது, எண்ணெய்க் காலத்தில் பழகிய ஊதாரித்தனத்தையும் கூடவே சுமந்து செல்லாதிருப்போமாக.